பி.பி. மாத்திரையை நாமே நிறுத்தலாமா?



ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடை திறந்தது முதல் இரவு கல்லா கணக்குப் பார்க்கும் வரை நம்மவர்களுக்கு ஓய்வு கிடையாது. நம்மில் பலர் ரத்த அழுத்தத்திற்கும் நெஞ்சு வலிக்கும் அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறோம். "இப்போதுதான் நன்றாக இருக்கிறதே" என்று நாமாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. இது ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

பரபரப்பு ஏற்படும்போது அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. அந்த விரட்டலைத் தடுப்பவையே 'பீட்டா பிளாக்கர்' மருந்துகள். இவற்றை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். இவற்றால் நாடித்துடிப்பு குறைகிறது. இதயத்தின் வேலைப்பளுவும் குறைகிறது.

இனி சிறுநீரகம். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஏறக்குறைய 1 லிட்டர் சிறுநீரகங்களுக்குப் போகிறது. மொத்த வியாபாரியிடம் வரத்து குறைந்தால் பெரிய வாடிக்கையாளருக்கும் சரக்கு குறையும் அல்லவா? புரோப்ரனலால் என்ற பழைய மருந்தில் இப்படி ஓரளவு குறைவதுண்டு. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இதனால் பொதுவாகத் தொல்லை இல்லை. சிறுநீரகத்தில் சுரக்கும் ரெனின் என்ற பொருளையும் இம்மருந்துகள் குறைக்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகக் காரணமான பொருள் அது. எனவே அழுத்தம் தணிகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் மருந்து உடலில் தேங்கி, நாடி மிகவும் தளர்ந்துவிடும். ஆகவே கிரியாட்டினின் பரிசோதனை பார்த்து டாக்டர் அளவைக் குறைப்பார். அல்லது மருந்தை மாற்றுவார். மெட்டோபுரலால் கல்லீரலில் சிதைவதால் அந்தச் சிக்கல் குறைவு.

திடீரென்று நிறுத்தினால் அடைபட்டிருந்த வேகம் திரும்பப் பாயும். நெஞ்சு வலி, மாரடைப்புகூட வரலாம். நிறுத்த வேண்டுமானால் டாக்டர் சொற்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். நம் பகுதியிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. வருடக் கணக்கு முடிக்கத் தவறாத நாம், வருடம் ஒரு முறையாவது சிறுநீரகக் கணக்கையும் பார்த்துவிடுவோம்!