எந்த நூலைப் படிப்பது?

மருத்துவம் பயிலும் தங்கள் பிள்ளை அமெரிக்காவில் பணியாற்ற விரும்பினால், யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வில் தேறியாக வேண்டும். அதன் முதற்கட்டத்தில் தலையாய பாடம், நோய்க்குறியியல் எனும் பேத்தாலஜி.

இத்துறையின் பெருங்கடல், 1957இல் முதன்முதலாக வெளிவந்த ராபின்ஸின் நூல். தேர்வு நெருங்கும் வேளையில் இதனைத் தொடங்கினால் கரை காண்பது அரிது. கல்லூரி நாட்களிலேயே வகுப்புப் பாடத்தோடு இணைத்துப் படித்து, பின்னர் ஐயம் தீர்க்கும் துணையாக வைத்துக்கொள்வதே நன்று.

மீள்பார்வைக்கு, டாக்டர் ஹுசைன் சத்தாரின் ‘பேத்தோமா’ என்னும் சிறுநூலும் அதற்குரிய காணொளிகளும் ஏற்றவை. உயிரணுச் சிதைவு, அழற்சி, புற்று வளர்ச்சி ஆகியவற்றை விளக்கும் அதன் முதல் மூன்று அத்தியாயங்களே ஏனையவற்றுக்கு அடித்தளம். கூடவே ஒரு வினாத் தொகுப்பும் தேவை. தவறவிட்ட ஒவ்வொரு வினாவின் விளக்கத்தையும் அன்றே படித்துவிட வேண்டும்.

2022 ஜனவரி 26 முதல் இக்கட்டத்திற்கு மதிப்பெண் வழங்கப்படுவதில்லை. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. தோல்வியோ பதிவேட்டில் அழியாது நிற்கும். நான்கு முறைக்கு மேல் எழுதவும் இயலாது.

எனவே, பத்து நூல்களை வாங்கிக் குவிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த மூன்றைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்!