பதினாறாம் நாளுக்குப் பின்: துயரத்தைத் தாங்க யோகம்

ஒருவர் மறைந்த வீடு முதல் சில நாள்கள் ஆள்களால் நிறைந்திருக்கும். அடுப்பு எரியாத அந்த வீட்டுக்கு உறவினர் சோறு ஆக்கிக் கொண்டுவருவர். இரவில் துணைக்குப் படுத்துக்கொள்வர். அனுமந்தன்பட்டியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி நடைபெறும். ஒரு வீட்டில் நினைவுத் திருப்பலி. ஒரு வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. அதுவரை துக்கத்தைப் பலர் சேர்ந்து சுமக்கின்றனர். பின்னர் உறவினர் அவரவர் ஊருக்குத் திரும்புகின்றனர். திராட்சைத் தோட்டத்தில் கவாத்தும் அறுவடையும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. துயரத்தை ஒருவர் தனியாகச் சுமக்கத் தொடங்குவது அப்போதுதான்.

அந்நாள்களில் எங்களிடம் வருவோர் “துயரமாக இருக்கிறது” என்று சொல்வது அரிது. நெஞ்சு அடைக்கிறது, இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை என்றே சொல்கின்றனர். இவற்றைத் துக்கத்தின் விளைவு என்று நாங்களாக முடிவு செய்துவிடுவதில்லை. பேரிழப்புக்குப் பின் இதயமே உண்மையில் பாதிக்கப்படுவதுண்டு. கடும் அதிர்ச்சியால் இதயத்தசை தற்காலிகமாக வலுவிழக்கும் நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். ஆகவே நெஞ்சு வலிக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை. யோகம் அதற்குப் பின்னரே.

சென்ற ஆண்டு, எங்கள் மருத்துவமனையில் மனைவியை இழந்த அனுமந்தன்பட்டி விவசாயி ஒருவர் உறக்கமின்மைக்காக வந்தார். பரிசோதனைகளில் குறையேதும் இல்லை. யோகப் பயிற்சியைப் பரிந்துரைத்தபோது, பயிற்றுநரிடம் அவர் ஒன்றே கேட்டார்: “அப்ப, அவளை மறக்கச் சொல்றீங்களாம்மா?”

இக்கேள்வி பலர் மனத்திலும் உள்ளது. மனம் அமைதியடைந்தால், இறந்தவருக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று அஞ்சுகின்றனர். எங்கள் விடை தெளிவானது: மறப்பதற்காக இப்பயிற்சி இல்லை. நினைவைத் தாங்கும் உடலுக்கு உறக்கமும் உணவும் மூச்சும் மீண்டும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இப்பயிற்சி.

உடலில் நிகழ்வது என்ன?

பேரிழப்பை உடல் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இதயத்துடிப்பு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது. மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு ஆகிய நான்கும் சேர்ந்தே வருவதைப் பதஞ்சலியின் யோக சூத்திரமும் குறிப்பிடுகிறது. இவற்றுள் நாம் நினைத்தவுடன் மாற்றக்கூடியது மூச்சு ஒன்றே.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். அங்கு முகாம்களில் தங்கியிருந்தோருள் கடும் மனப்பாதிப்புக்கு உள்ளான 183 பேரைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளியானது. யோக மூச்சுப்பயிற்சி பெற்றோரின் அதிர்ச்சி அறிகுறிகளும் மனச்சோர்வும், பயிற்சிக்காகக் காத்திருந்தோரைவிட ஆறாவது வாரத்தில் பெரிதும் குறைந்திருந்தன. அந்தமானில் 47 பேர் ஒரு வாரம் யோகம் பயின்றபின் அச்சமும் துயரமும் உறக்கக் குறைவும் தணிந்ததாகத் தெரிவித்தனர். இவை சிறிய ஆய்வுகள். யோகம் ஒன்றே போதும் என்று இவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆயினும் துணையாக நிற்கும் என்று சொல்லலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். மந்திரம் கட்டாயமன்று, விரும்புவோர் தம் சமயத்தின் வேண்டுதலை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

முதலாவது, மூச்சைக் கவனித்தல். நாற்காலியிலோ சுவரில் சாய்ந்தோ அமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூச்சு வந்து போவதை 3 நிமிடம் கவனியுங்கள். அதை மாற்ற முயல வேண்டாம்.

இரண்டாவது, கை உயர்த்துதல். மூச்சை உள்ளிழுக்கும்போது இரு கைகளையும் மேலே உயர்த்தி, விடும்போது இறக்குங்கள். 5 முறை போதும். பந்தலின் கீழ் நின்று திராட்சைக் குலை அறுக்கக் கை உயர்த்துவது போன்றதே இது. ஆனால் இங்கே மூச்சின் வேகத்தில் மட்டுமே கை நகர வேண்டும்.

மூன்றாவது, நீண்ட வெளிமூச்சு. 4 எண்ணும் வரை உள்ளிழுத்து, 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 5 நிமிடம் செய்யலாம்.

நான்காவது, பிராமரி. உதடுகளை மூடி, வண்டின் ரீங்காரம் போல “ம்” என்னும் ஒலியுடன் மூச்சை விடுங்கள். 5 முறை போதும்.

இறுதியில் ஓய்வு. இந்நிலைக்குச் சவாசனம் என்று பெயர். உறவினரின் உடல் கிடத்தப்பட்டிருந்ததை அண்மையில் கண்டவருக்கு அப்பெயரும் அந்தக் கிடக்கையுமே தாங்க முடியாதவையாக இருக்கலாம். அத்தகையோரை ஒருக்களித்துப் படுக்கவும் கண்களைத் திறந்தே வைத்திருக்கவும் சொல்கிறோம்.

பயிற்சியின் நடுவே அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அது பயிற்சி தவறியதன் அடையாளம் அன்று. கண் மூடியதும் இறுதிநேரக் காட்சிகள் அலைக்கழித்தால், கண்களைத் திறந்து பாதங்களைத் தரையில் ஊன்றி, அருகிலுள்ள பொருள் ஒன்றை நோக்குங்கள்.

கவனிக்க வேண்டியவை

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற விரைவான மூச்சுப்பயிற்சிகளையும் தலைகீழ் ஆசனங்களையும் இக்காலத்தில் தவிர்க்கவும். இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரும், கருவுற்றோரும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கவும். மருந்து எதையும் தாமாக நிறுத்தலாகாது.

துயரத்துக்குக் காலக்கெடு இல்லை. எனினும் ஆறு மாதத்துக்குப் பின்னும் அன்றாட வேலைகளில் ஈடுபட இயலாதபடி ஏக்கம் தணியாமல் நீடித்தால், அதற்குச் சிகிச்சை உண்டு. குடிப்பழக்கம் மிகுந்தாலும், வாழ்வதில் பொருளில்லை என்று ஒருவர் பேசினாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்துங்கள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணிலும் 104 என்னும் எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம்.

அந்த விவசாயி நான்காம் வாரம் மீண்டும் வந்தார். துயரம் குறைந்ததாக அவர் சொல்லவில்லை. இரண்டு இரவுகள் விடியும் வரை உறங்கியதாகச் சொன்னார். அதுவரை திறக்காமலிருந்த பீரோவைத் திறந்து, மனைவியின் சேலைகளை மகளோடு அமர்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்ததாகவும், எந்தச் சேலை எந்த விசேடத்துக்கு எடுத்தது என்று மகளுக்குச் சொன்னதாகவும் கூறினார்.

அவர் எதையும் மறக்கவில்லை. உங்கள் வீட்டிலும் உறவினர் விடைபெற்றுச் சென்றபின் ஒரு பாயை விரித்து அமருங்கள். இயன்றால் வீட்டிலுள்ள இன்னொருவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.