கொடுத்து வைத்த விதை

மாசி மாதத்தில், வெயில் ஏறத் தொடங்கும் வேளையில், என் தாயார் பின்கட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து, கொடியிலேயே காய்ந்த அவரை நெற்றுகளை உரிப்பார். உரித்த பருப்பை முறத்தில் இட்டு மூன்று குவியலாகப் பிரிப்பார். திரண்டு பருத்து, ஒரே நிறமாக இருப்பவை ஒரு குவியல், அவை விதைக்கு. நடுத்தரமானவை இரண்டாவது; அவை குழம்புக்கு. சுருங்கியவையும் வண்டு துளைத்தவையும் மூன்றாவது. அவை வேகவைத்தபின் கோழிக்கு. ஆரணிக்குத் தெற்கே, சேத்துப்பட்டில், அடுத்த தெருவின் தறியோசை காதில் விழும் ஒரு சிறு புழக்கடையில் நான் கண்ட முதற்பாடம் இது. இம்மூன்று குவியல்களைப் பற்றியே மாணவர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன். நடுக்குவியலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் இல்லத்துச் சமையலறையில் என்னினும் தகுதியுடையவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் காய்த்ததையெல்லாம் விதைக்கு எடுத்து வைக்கலாமா? கூடாது. காரணத்தைப் பூவில் பார்க்க வேண்டும். அவரைப் பூவில் மகரந்தப் பையும் சூல்முடியும் இதழ்களுக்குள் மூடுண்டு கிடக்கின்றன. ஆதலால் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக் கருவுறுகிறது. தாயைப் போலவே பிள்ளை முளைக்கிறது. கத்தரியும் ஏறக்குறைய அப்படியே. ஆயினும் வண்டும் தேனீயும் சில வேளை அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பரங்கி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளின் செய்தி வேறு. அவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ. உங்கள் வீட்டுப் பரங்கியும் எதிர்வீட்டுப் பரங்கியும் வெவ்வேறு வகையாயின், தேனீயின் புண்ணியத்தால் இரண்டும் கலந்த விதைதான் உங்களுக்குக் கிடைக்கும். வகை கெடாமல் வேண்டுமென்றால், மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். விடியற்காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்டிவிடுங்கள். பத்து வயதுச் சிறுவனும் செய்யக்கூடிய வேலை இது. ஒருமுறை செய்தவன் தாவரவியல் தேர்வில் அந்த வினாவை விட்டுவிட்டு வரமாட்டான்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை முதல் ஆண்டில் ஒரே சீராகக் காய்க்கிறது. அதிலிருந்து எடுத்த விதையை மறு ஆண்டில் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காயாதது என்று பலவாறாகப் பிரிகிறது. விதை விற்றவர் ஏமாற்றினார் என்று சிலர் குறைபடுவர். அது ஏமாற்று அன்று. 1866-இல் கிரிகோர் மெண்டல் தம் பட்டாணிச் செடிகளைக் கொண்டு எழுதி வெளியிட்ட விதி அது. வீரிய ஒட்டு விதை விளைச்சலுக்கு உரியது, சேமிப்புக்கு உரியதன்று என்று தெரிந்து வாங்கினால் மனத்தாங்கல் இல்லை.

எடுத்த விதையைக் காப்பது அடுத்த வேலை. விதை மூச்சுவிடும் உயிர். ஈரமும் வெப்பமும் மிகுந்தால் அதன் மூச்சு விரைகிறது; ஆயுள் குறைகிறது. விதையின் ஈரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும்; சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அவ்வாறே என்பது விதை நூலார் வகுத்த பொதுக் கணக்கு. காலை வெயிலில் உலர்த்தி, உச்சிப் பொழுதில் நிழலுக்கு மாற்றி, பல்லில் கடித்தால் பதியாமல் 'டக்'கென்று உடையும்வரை காயவிட வேண்டும். பிறகு சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து கலயத்தில் இட்டு, வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். சாம்பல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வண்டையும் நடமாட விடாது.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நான் தவறினேன். 2009-ஆம் ஆண்டு மாசியில், தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், கலயம் பழம்பாணி என்று எண்ணி, அவரை விதை அனைத்தையும் ஒரே பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி வைத்தேன். முழுதும் காய்ந்ததா என்று கடித்துப் பார்க்கவில்லை. ஆடியில் பையைத் திறந்தபோது பூஞ்சணத்தின் நெடி முகத்தில் அடித்தது. இருபது விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. ஊதா விளிம்புடைய அந்த அவரை, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் பந்தலில் காய்த்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற அறிவியல் அத்தனையும் அன்று ஒரு முளைக்கு உதவவில்லை.

மறு ஆண்டு தையில், பழைய மாணவர் ஒருவரின் திருமணத்திற்காக ஆரணி சென்றேன். திரும்பும் வழியில், முன்பு எங்கள் தெருவில் குடியிருந்து பின் அவ்வூருக்குப் பெயர்ந்த ஒரு நெசவாளர் வீட்டிற்குள் நுழைந்தேன். முன்கட்டில் தறி, பின்கட்டில் அவரைப் பந்தல். பந்தலில் ஊதா விளிம்புக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நான் நின்ற நிலையைக் கண்டு அவ்வீட்டு மூதாட்டியார், "என்ன தம்பி, புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்கிறீர்கள்? உங்கள் அம்மா கொடுத்த விதைதானே! அதிலிருந்து நானும் ஏழெட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "விதைக்கு விட்ட காய் இன்னும் நெற்றாகவில்லை. மாசியில் வாருங்கள்" என்றார். மாசியில் போனேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி விதையை எடுத்துத் தந்தார். பேறு பெற்றவரைக் கொடுத்து வைத்தவர் என்கிறோமே, அச்சொற்றொடரின் நேர்ப்பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இது ஒரு புழக்கடையின் கதை. உலக அளவிலும் இதே கதை நடந்திருக்கிறது. சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கு அருகில், வறண்ட நிலங்களுக்குரிய பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் ஒன்று கோதுமை, வாற்கோதுமை, கொண்டைக்கடலை முதலியவற்றின் பல்லாயிரம் வகைகளைச் சேர்த்து வைத்திருந்தது. உள்நாட்டுப் போரினால் அங்கே பணியைத் தொடர இயலாமற் போயிற்று. நல்லவேளையாக, நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்தில் படிகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். 2015-இல் அவற்றைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். ஆரணி மூதாட்டியாரின் முந்தானை செய்ததும் அக்காப்பகம் செய்ததும் ஒரே வேலைதான். ஒரு வேறுபாடு உண்டு. உறைபனிக்குள் இருக்கும் விதை உறங்குகிறது. பந்தலில் இருக்கும் விதையோ ஆண்டுதோறும் நம் மழைக்கும் பூச்சிக்கும் பழகிக்கொண்டே வருகிறது.

விதையைப் பகிர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறதா என்று கல்லூரி மாணவர் ஒருவர் ஒருமுறை என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உழவர் தம் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் உரிமை அளிக்கிறது; பாதுகாக்கப்பட்ட வகையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை. எங்கள் பழைய வட ஆர்க்காட்டு மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. இலவம்பாடிப் பகுதியில் விளையும் வேலூர் முள்ளுக் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் குத்தும் அந்தக் காயைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் உழவர்களே.

இனி மூன்றாம் குவியல். கோழிக்கு ஏன் வேகவைத்துப் போட வேண்டும்? பச்சை அவரைப் பருப்பில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன; நன்கு வேகவைத்தால் அவை அழிகின்றன. முற்றிய கீரைத்தண்டு, பூச்சி அரித்த இலை, முருங்கைத்தழை, அகத்தி, பழுத்து வெடித்த தக்காளி ஆகியவற்றை அப்படியே தரலாம். கீரையைத் தரையில் வீசாமல், கோழியின் அலகு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணும் எச்சமும் படா. மஞ்சட்கருவின் நிறத்தைக் கோழி தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை. தழையிலும் மஞ்சள் சோளத்திலும் உள்ள நிறப்பொருளே அங்கே சேர்கிறது. பச்சை படர்ந்த உருளைக்கிழங்கின் தோலை மட்டும் கொடுக்காதீர்கள். அதில் நஞ்சு உண்டு. தழையை மட்டும் கொடுத்து முட்டை கேட்பதும் நியாயம் அன்று. தானியமும் புரதமும் சுண்ணாம்பும் வேண்டும். பழம்பானையில் ஈரச்சாணமும் வைக்கோலும் வைத்து இரவில் கவிழ்த்துவிட்டால், காலையில் குஞ்சுகளுக்குக் கறையான் விருந்து காத்திருக்கும்.

கோழித் தீனி மனிதரைக் காத்த வரலாறும் உண்டு. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் தம் ஆய்வகத்துக் கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். பின்னர் அவை தாமே தேறின. விசாரித்ததில், இடையில் சில காலம் மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குத் தீனியாக இருந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததும் தெரியவந்தன. தவிட்டோடு போன சத்தின்மையே மனிதருக்கு வரும் பெரிபெரி நோய்க்கும் காரணம் என்று காட்ட அது வழி திறந்தது. 1929-இல் எய்க்மன் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நிலக்கடலை மிகுந்த எங்கள் பகுதியினர் மறக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம். அஃபிளாடாக்சின் என்ற நஞ்சு அவ்வாறுதான் கண்டறியப்பட்டது. விதைக்கு ஆகாத பூஞ்சணப் பருப்பு கோழிக்கும் ஆகாது. என் பிளாஸ்டிக் பையை நான் குழிதோண்டித்தான் புதைத்தேன்.

கோழியின் எச்சம் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பச்சையாக இட்டால் செடி கருகும். சருகோடு சேர்த்து மட்கவைத்துக் கத்தரிக்கும் பரங்கிக்கும் இடுங்கள். அவரைக்கு மிகுதியாக வேண்டா. அதன் வேர் முண்டுகளே காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்த்துத் தருவதால், எரு மிஞ்சினால் கொடி இலையாகவே ஓடும். நாட்டு அவரை பகற்பொழுது சுருங்கிய பின்பே பூக்கும் இயல்புடையது. புரட்டாசியில் பூவில்லையே என்று பிடுங்கிவிடாதீர்கள். ஆடியில் குழிக்கு மூன்று விதை ஊன்றி, நான்கு இலை விடும்வரை கோழி கிளறாதபடி மேலே கருவேல முள்ளைப் பரப்பி வையுங்கள்.