சாலை எல்லோருக்கும் பொதுவா?

அமெரிக்காவில் 1969-இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படத்தைப் பொறுப்பற்ற இளைஞர்களின் ஊர்சுற்றல் என்று ஒதுக்குவோர் உண்டு. டென்னிஸ் ஹாப்பர் இயக்கி, பீட்டர் ஃபோண்டாவுடன் இணைந்து நடித்த படம் அது. போதைப்பொருள் விற்ற பணத்தைப் பெட்ரோல் டேங்கில் ஒளித்துக்கொண்டு, இருவர் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மோட்டார் சைக்கிளில் செல்கிறார்கள். அவர்கள் உத்தமர்கள் அல்லர். ஆனால், இறுதியில் அவர்களைச் சுட்டுக்கொல்பவர்களுக்கு அந்தக் குற்றம் தெரியாது. நீண்ட முடியும் தோற்றமுமே அவர்களை உறுத்துகின்றன.

வழியில் இவர்களுடன் சேரும் வழக்கறிஞராக ஜாக் நிக்கல்சன் நடித்திருப்பார். சுதந்திரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவோர், அதை வாழ்ந்துகாட்டும் ஒருவரை நேரில் கண்டால் அஞ்சுகிறார்கள். அந்த அச்சமே அவர்களை ஆபத்தானவர்களாக்குகிறது என்பது அவர் தரும் விளக்கம். அன்றிரவே அவர் அடித்துக் கொல்லப்படுகிறார். படத்தின் புகழ்பெற்ற வண்டிகளை வடிவமைத்து உருவாக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி ஆகிய கறுப்பினக் கலைஞர்களுக்கோ நீண்ட காலம் உரிய அங்கீகாரம் கிட்டவில்லை.

இந்தப் படம் நமக்கு அந்நியமானதன்று. நான் வாழும் நெய்வேலி நகரியம், 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காகக் கிராமங்களின் நிலத்தில் எழுந்தது. இங்கு வட்டங்களுக்கு எண்களே அடையாளம்; குடியிருப்பு, வேலையின் தரத்தைப் பொறுத்தது. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. எனினும், மரநிழல் படர்ந்த இதன் அகன்ற சாலைகளில் யார் வீட்டுப் பிள்ளை எந்த வண்டியில் போகிறான் என்று எவரும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. நகரியத்தைத் தாண்டினால் ஊர் வேறு, காலனி வேறு. அங்கே வண்டியைப் பார்க்கும் கண், ஓட்டுபவரின் சாதியையும் பார்க்கிறது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமலேயே தாக்கினார்கள் என்பது குடும்பத்தினரின் புகார். அந்த மாணவர் எந்தக் கலகத்துக்கும் கிளம்பியவர் அல்லர்; தன் ஊர்ச் சாலையில் வண்டியில் சென்றவர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் நம்மிடம் இருக்கிறது. இத்தகைய புகார்கள் எழும்போது, ‘முன்விரோதம்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், அந்த விரோதம் எதிலிருந்து பிறந்தது என்றும் விசாரணை கேட்க வேண்டும். வரிப்பணத்தில் போட்ட சாலையில் ஓர் இளைஞர் தலைநிமிர்ந்து வண்டி ஓட்டுவதற்குத் துணிச்சல் ஒரு தகுதியாக இருக்கக் கூடாது.