பிளாஸ்டிக் பாத்திரமும் மைக்ரோவேவ் அடுப்பும்

புளிக்குழம்பைக் கலாய் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறும் என்பதைக் குடியானவர் வீட்டுப் பெண்மணிகள் யாவரும் அறிவர். பாத்திரத்தின் பொருள் உணவிற் கலக்கும் என்ற இவ்வுண்மை பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும். ஆயினும் களிம்பைப்போல் கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் அதில் இராது. மைக்ரோவேவ் அடுப்பு கிராமங்களிலும் பரவி வருவதால், இவ்விஷயம் யாவரும் கவனிக்கத்தக்கது.

அடுப்பு வேலை செய்யும் விதம்

இவ்வடுப்பின் அலைகள் பிளாஸ்டிக்கை ஊடுருவிச் சென்று, முக்கியமாய் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன. இவ்வலைகளால் உணவு விஷமாவதில்லை. சூடேறிய உணவு பாத்திரத்தைச் சுட வைப்பதிலேயே கெடுதல் பிறக்கிறது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி சென்டிகிரேடில். எண்ணெயும் நெய்யும் சர்க்கரைப்பாகும் அதனினும் அதிக உஷ்ணம் அடையக்கூடியவை. மேலும், பிளாஸ்டிக்கிற் சேர்க்கப்படும் இரசாயனங்களிற் பல கொழுப்பில் எளிதிற் கரைவன.

எண்களின் பொருள்

பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துள் ஓர் எண் காணப்படும். 1 என்பது தண்ணீர்ப் புட்டி வகை. சுமார் 70 முதல் 80 டிகிரியில் இளகத் தொடங்கும். 6 என்பது சுமார் 100 டிகிரியில் இளகும். 5 என்னும் பாலிபுரோப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரியிலேயே உருகும். 7 என்ற பிரிவில் பலவகை அடங்கும். அவற்றுள் பாலிகார்பனேட் என்பது பிஸ்பெனால்-ஏ என்னும் இரசாயனத்தாற் செய்யப்படுவது. இவ்விரசாயனம் உடலின் சுரப்பு நீர்களைப்போல் நடிக்கும் தன்மையது. பாலிகார்பனேட் பால்புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அமெரிக்கா 2012-லும் விலக்கின.

"மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்ற முத்திரையின் பொருள் யாதெனில், பாத்திரம் அவ்வுபயோகத்தில் உருகிக் கெடாது என்பதே. உணவில் யாதொன்றும் கலவாது என்பதன்று. இந்தியாவின் 2018-ஆம் வருஷத்து உணவுப் பொதி விதிகளும், கிலோ ஒன்றுக்கு 60 மில்லிகிராம் என்று கலப்புக்கு வரம்பு கட்டினவேயன்றிக் கலப்பே இல்லையெனக் கொள்ளவில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா சர்வகலாசாலையார் 2023-இல் வெளியிட்ட பரிசோதனையில், குழந்தை உணவுப் பாத்திரங்களை மூன்று நிமிஷம் இவ்வடுப்பிற் சூடாக்கியபோது, சில பாத்திரங்களில் ஒரு சதுர சென்டிமீட்டரினின்று 40 லட்சத்துக்கு மேற்பட்ட நுண்துகள்கள் வெளிப்பட்டன. இத்துகள்கள் மனித உடலில் விளைவிக்கும் கெடுதி இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. எனினும், செலவின்றி விலக்கக்கூடிய ஒன்றை விலக்குவதே விவேகம்.

அனுசரிக்க வேண்டியவை

1. உணவைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றிய பின்னரே சூடாக்குக. கண்ணாடி உஷ்ணம் தாங்கும் வகையாயிருத்தல் வேண்டும். உலோகப் பாத்திரமும், ஜரிகைக் கரையிட்ட பீங்கானும் பொறி பறக்கச் செய்யுமாதலின் ஆகா.

2. தயிர், ஐஸ்கிரீம் வந்த டப்பாக்களையும், ஹோட்டலிலிருந்து உணவு வந்த மெல்லிய பெட்டிகளையும் அடுப்பில் வைக்கலாகாது.

3. மெலமைன் தட்டு பீங்கானைப்போற் காணினும் இவ்வடுப்புக்கு உரியதன்று.

4. கீறல் விழுந்ததும் நிறம் மங்கியதுமான பிளாஸ்டிக் பாத்திரங்களை உணவுக்கு உபயோகியாது நீக்குக.

5. குழந்தைப் பாலைப் புட்டியோடு இவ்வடுப்பில் வைக்கலாகாது. சூடு ஒரே சீராய்ப் பரவாமல் சிற்சில இடங்களில் மிகுவதால் குழந்தையின் வாய் வெந்துபோகும். புட்டியை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குவதே நன்று.

6. பூச்சிமருந்து வந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினும் உணவுக்கோ தண்ணீருக்கோ உபயோகித்தல் கூடவே கூடாது.

கிராம அதிகாரிகள் கூட்டங்களில் இவற்றை எடுத்துரைப்பின், முக்கியமாய்ச் சிசுக்களும் கர்ப்பிணிகளும் உள்ள குடும்பங்களுக்குப் பெரிதும் நன்மையாம். பிளாஸ்டிக் டப்பா தானியமும் பருப்பும் காப்பதற்கு உதவட்டும். சூடேற்றும் வேலை கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் உரியது.