செகண்ட்ஸ் போனில் சார்ஜ் ஏன் நிற்பதில்லை?

 வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கும், அத்திப்பட்டு, எண்ணூர் ஆலைகளுக்கும், காமராஜர் துறைமுகத்துக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பலருக்குப் புது போன் எட்டாத விலை. சென்னை பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ‘ரீஃபர்பிஷ்டு’ போன் ஒன்றை வாங்குகிறார்கள். கண்ணாடி புதுசு, பின்மூடி புதுசு, பெட்டியும் புதுசு. ஒரு வாரம் போவதற்குள் புலம்பல் ஆரம்பித்துவிடும்: “காலையில ஃபுல் சார்ஜ் போட்டேன், மதியத்துக்குள்ள இருபதுக்கு வந்துடுச்சு.”

இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்க முடியாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வடசென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறியபடி மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படி ஓர் இரவில் ஆம்புலன்ஸை அழைக்கவும், நைட் ஷிஃப்டில் இருக்கும் மகனைத் தேடவும் கையில் இருப்பது அந்த ஒரு போன்தான்.

சார்ஜ் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் போன் இல்லை, பேட்டரியின் வயசு. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உள்ளே லித்தியத்தில் கொஞ்சம் வேதிமாற்றத்தில் சிக்கி வீணாகிறது. கிராஃபைட் தகட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே வரும். உப்புத் தண்ணீர் ஓடி ஓடிக் குழாயின் வாய் குறுகிப்போகுமே, அதே கதை. இருப்பும் குறையும், இருப்பதை வேகமாக எடுக்கவும் முடியாது. கேமராவைத் திறந்ததும் 25 விழுக்காடு காட்டிய போன் சட்டென்று அணைவது அதனால்தான். பழைய பேட்டரியுள்ள ஐபோன்கள் இப்படி அணையாமலிருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே போன் மந்தமாக இருந்தாலும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு முறை முழுச் சார்ஜ் என்றால் ஒன்றரை வருஷத்துக்கும் குறைவான கணக்கு. மூன்று வருஷம் ஓடிய போனில் அதே பேட்டரி இருந்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் தொடாமல் கடை அலமாரியில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயசு ஏறும். வெயிலில் இன்னும் வேகமாக ஏறும்.

வாங்கிய முதல் இரண்டு நாளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆப்கள் இறங்குவதும், பழைய வாட்ஸ்அப் செய்திகளும் படங்களும் திரும்ப வந்து சேர்வதுமாகப் போன் உள்ளுக்குள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஐபோனில் ‘பேட்டரி ஹெல்த்’ என்ற இடத்தில் விழுக்காடு தெரியும். ஆண்ட்ராய்டில் அக்யூபேட்டரி போன்ற ஆப்பைப் போட்டு நாலைந்து முறை சார்ஜ் செய்தால் உண்மையான கொள்ளளவு ஓரளவு பிடிபடும். திரையில் 100 என்று பார்த்ததும் மயங்கவும் வேண்டாம். பேட்டரியின் சிப்பில் உள்ள கணக்கைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஒரு மணி நேர வீடியோ சோதனையை அப்படித் திருத்த முடியாது.

பேட்டரி தேய்ந்துதான் போயிருக்கிறது என்றால் மாற்றுவதுதான் வழி. மாதம் ஒரு முறை சுத்தமாக இறக்கி ஏற்றுவதும் ஃபிரிட்ஜில் வைப்பதும் பலன் தராது; கெடுதலே செய்யும். மலிவான டூப்ளிகேட் பேட்டரிகளின் மேல் 5,000 எம்ஏஹெச் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். இந்தியாவில் விற்கும் போன் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தரக் குறியீடும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டு யாருடையது என்று பார்த்துவிடலாம். கடைக்காரர் பேட்டரியைக் காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் பழைய போன் விற்பவர்கள் பில்லில் பேட்டரியின் நிலையை ஒரு வரி எழுதித் தந்தாலே போதும், பாதிச் சண்டை குறையும். நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்க அந்தப் பில் வேண்டும். காசு கொடுக்கும் முன் ‘கேஒய்எம்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்பதும் தெரிந்துவிடும்.

மாற்றும் வரை சமாளிக்கச் சில வழிகள். 5ஜி சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் 4ஜிக்கு மாற்றி வையுங்கள்; டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரைந்துவிடும். சித்திரை வெயிலில் பைக் டேங்கின் மேலோ லாரி டேஷ்போர்டிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போட வீட்டில் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பின்மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்கே போனை அணைத்துவிடுங்கள். அமுக்குவதோ ஊசியால் குத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பை வண்டியிலும் போடாதீர்கள். லாரிக்குள் நசுங்கினாலும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் நசுங்கினாலும் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்தான். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. உங்கள் போன் பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.