வமிசாவளி மென்பொருளும் அதன் கண்ணில் படாத பிழைகளும்

வமிசாவளியை எழுதுவதும் அதன் மெய்ம்மையைச் சோதிப்பதும் முஸ்லிம்களுக்குப் புதிய வேலையன்று. 'இல்முல் அன்ஸாப்' என்று அதற்கென ஒரு துறையே வளர்ந்தது. ஹிஜ்ரி 456 இல் (கி.பி. 1064) மறைந்த ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம், அரபுக் குலங்களின் வமிசாவளி பற்றிப் பெருநூலொன்றைத் தொகுத்தார். இன்று நம் குடும்பங்களில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து அதே பணியைத் தம் வீட்டளவில் செய்கிறார். நூற்றுக்கணக்கான பெயர்களை ஏற்றிய பின் ஒரு பொத்தானை அழுத்தினால், மென்பொருள் பிழைப்பட்டியலை நீட்டுகிறது. பட்டியல் வெறுமையாக வந்துவிட்டால் வமிசாவளி சரியாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

மென்பொருள் செய்யும் சோதனை எளியது. அது தேதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. தாய் மறைந்த பின் பிள்ளை பிறந்திருக்கிறதா, திருமணத்தின்போது மணமகனின் வயது என்ன, ஒருவர் நூற்றிருபது ஆண்டு வாழ்ந்ததாகக் காட்டப்பட்டுள்ளாரா என்பன போன்ற வினாக்களை அது எழுப்பும். இலவசமாகக் கிடைக்கும் 'கிராம்ப்ஸ்' போன்ற மென்பொருள்களில் இந்த வயது வரம்புகளை நாமே மாற்றியமைக்கலாம். மாற்றவும் வேண்டும், நம் முன்னோரின் திருமண வயது வேறு, இன்றைய வயது வேறு.

திருமணத்துக்கும் முதற்பிள்ளையின் பிறப்புக்கும் உள்ள இடைவெளியை நம் சட்ட அறிஞர்கள் என்றோ ஆராய்ந்துவிட்டார்கள். கருவில் சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து முப்பது மாதம் என்று ஒரு வசனமும் (46:15), பால்குடிக் காலம் இரண்டாண்டு என்று வேறு வசனங்களும் (2:233, 31:14) கூறுவதை இணைத்து, கர்ப்பத்தின் குறைந்த அளவு ஆறு மாதம் என்று வகுத்தனர். வமிசத்தை நிலைநாட்டுவதற்கான தரவுச் சோதனை என்றே அதைச் சொல்லலாம்.

நடக்கவியலாததை மென்பொருள் உடனே பிடித்துவிடும். தென்பாண்டிப் பகுதியின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதில் உள்ள '1125' என்பதை ஹிஜ்ரி என மயங்கி ஏற்றினால், 1949-50 இல் பிறந்த பிள்ளை 1713 இல் பிறந்ததாகிவிடும். தந்தைக்கு இருநூறாண்டு முன்பே மகன் பிறந்துவிட்டான் என்று திரை எச்சரிக்கும். இத்தகைய பிழையால் பெரும் தீங்கில்லை. அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

நடந்திருக்கக்கூடியதாகத் தோன்றும் பிழைதான் கவலைக்குரியது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். தந்தையின் மீசான் கல்லில் 'ஹிஜ்ரி 1369, ஷவ்வால் பிறை 5' என்றுள்ளது. மகனின் மரணச் சான்றிதழ் 1950 மார்ச் என்கிறது. ஏற்றுபவர் அவசரத்தில் ஹிஜ்ரியோடு 580 ஐக் கூட்டி, தந்தை 1949 இல் வபாத்தானார் என்று எழுதிவிடுகிறார். தந்தைக்குப் பின் மகன் மறைவது இயல்பானதால் மென்பொருள் வாய்திறப்பதில்லை. ஆனால் ஹிஜ்ரி 1369 ஆம் ஆண்டு 1949 அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி 1950 அக்டோபர் வரை நீண்டது. ஷவ்வால் அதன் பத்தாம் மாதம். ஆகவே பிறை 5 விழுவது 1950 ஜூலையில். மகன்தான் முதலில் மறைந்தார்.

இச்சில மாதங்களின் முன்பின் மாற்றம் வாரிசுரிமையையே புரட்டிவிடும். தந்தைக்குப் பின் மகன் மறைந்திருந்தால், மகனுக்குச் சேர்ந்த பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கும். தந்தைக்கு முன்பே மறைந்திருந்து, தந்தைக்கு வேறு மகனும் உயிரோடு இருந்தால், ஸுன்னத் வல் ஜமாஅத் சட்ட மரபின்படி அப்பேரப்பிள்ளைகளுக்கு ஃபராயிள் பங்கு இல்லை. பிரிக்கப்படாத பூர்வீக மனையைப் பங்கிட அமரும் குடும்பம், கணினி வரைந்த அழகிய விளக்கப்படத்தைச் சான்றாக விரித்து வைத்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலின் மூலத்தில் உள்ள தேதியை உள்ளவாறே ஏற்றுவது முறை. கிராம்ப்ஸ் ஹிஜ்ரி நாட்காட்டியை நேரடியாக ஏற்கும். ஆனால் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றப் பயன்படும் 'கெட்காம்' என்னும் பொதுவடிவத்தின் நாட்காட்டிப் பட்டியலில் கிரிகோரியன், ஜூலியன், யூத, பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டிகள் உண்டு, ஹிஜ்ரி இல்லை. 2021 இல் வந்த ஏழாம் பதிப்பிலும் நிலை இதுவே. பிரெஞ்சுக்காரர்கள் பன்னிரண்டு ஆண்டளவே கைக்கொண்ட நாட்காட்டிக்கு இடமிருக்க, ஹிஜ்ரிக்கு இடமில்லாதது வியப்பே! மாற்றும்போது தேதி வெறும் சொற்களாகச் சுருங்கினால் அதன்மேல் எச்சோதனையும் நடவாது. எனவே மூல வாசகத்தைக் குறிப்புப் பகுதியிலும் எழுதி வைத்தல் நலம்.

கிழமையும் எழுதப்பட்டிருப்பின் அது பெரும் வாய்ப்பு. கணக்கின்படி மேற்சொன்ன பிறை 5, 1950 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. கல்லில் சனி என்றிருந்தால் அவ்வூரில் பிறை ஒரு நாள் பிந்தித் தென்பட்டது எனக் கொண்டு 22 எனத் திருத்தலாம். நம்மவர் 'வெள்ளி இரவு' என்பது வியாழன் மாலைக்குப் பிந்திய இரவு என்பதையும் மறத்தலாகாது.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் வேறொரு சிக்கலைத் தருகிறது. பெயர் ஒன்று, தந்தை பெயரின் முதலெழுத்தும் சில வேளை ஒன்று, ஊரும் ஒன்று. 'இருவரும் ஒருவரே, இணைக்கலாமா?' என்று மென்பொருள் கேட்கும். இசைந்துவிட்டால் இரு தலைமுறைகள் ஒன்றாகிவிடும். மனைவியின் பெயரையும் நிக்காஹ் பதிவேட்டையும் பாராமல் இசையக் கூடாது. பெண்களின் பெயர்களை எழுதாமல் விட்ட வமிசாவளிகளே இவ்விடத்தில் மிகுதியும் தடுமாறுகின்றன.

இறுதியாக, தேதியே இல்லாத முன்னோர் வரிசை. இங்கு ஒப்பிட ஏதுமில்லாமையால் மென்பொருள் எப்பிழையையும் காட்டாது. இவ்விடத்துக்கு உதவும் அளவுகோலை இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் தந்திருக்கிறார். நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் அவர். கழிந்த காலத்துக்குப் பெயர்கள் குறைந்தால் இடையில் எவரோ விடுபட்டிருக்கிறார்; மிகுந்தால் எவரோ புகுத்தப்பட்டிருக்கிறார். இது சராசரிக் கணக்கு. மூத்த மகன் வழிக்கும் இளைய மகன் வழிக்கும் வேறுபாடு இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு கூடக்குறைய வரலாம்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கரையிறங்கிய முன்னோர் ஒருவரிடமிருந்து பதினொரு பெயர்களில் தம்மை வந்தடையும் வரிசையை ஒரு குடும்பம் வைத்திருப்பதாகக் கொள்வோம். பதினெட்டுப் பெயர்களாவது இருந்திருக்க வேண்டும். ஏழு பெயர்கள் இல்லாததால் அம்முன்னோரின் வழி பொய் என்று ஆகிவிடாது. அவ்வரிசையில் மகன் என்று எழுதப்பட்டவர் பேரனாகவோ கொள்ளுப்பேரனாகவோ இருக்கலாம் என்பதே பொருள். எனவே அவ்விடங்களில் தந்தை–மகன் என்ற நேர்கோட்டை இழுக்காமல், 'வழித்தோன்றல். இடைத்தலைமுறைகள் தெரியவில்லை' என்று குறித்துவிட்டு, பெயர்க்கட்டங்களை வெறுமையாக வைக்கலாம்.